கொம்பையனும் ஏழுகால் மிருகமும்

நம் பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் பிறக்காத காலம் அது. மலையடிவாரம் முழுக்க ஆட்டு மந்தைகள் மேய்ந்த ஒரு நாட்டை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். மனதில் தோன்றியதை யோசிக்காமல் கட்டளையாகப் போட்டுவிடுவார், அது ஒன்றுதான் குறை. பட்டத்து ராணி காய்ச்சலில் கண்மூடிய பிறகு அந்த வேகமும் அவரை விட்டுப் போயிற்று. இலையில் போட்ட சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சபையில் யார் என்ன பேசினாலும் அவர் பார்வை ராணி உட்காரும் ஆசனத்தின் பக்கமே போகும். அரண்மனையில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலையடிவாரத்துக் கொம்பையன் திருவிழாவுக்கு ஆடு ஓட்டிக்கொண்டு கோட்டைக்கு வந்தான். வாசலில் நின்றிருந்த ராஜா, வேறு பேச்சில்லாமல் கேட்டார்: "இத்தனை ஆடுகளும் உன் பேச்சைக் கேட்குமா, அப்பா?"

"ஒன்றுகூடக் கேட்காது, மகாராஜா. அவை போகிற பக்கமெல்லாம் நான் பின்னாலேயே போவேன். பார்க்கிறவர்கள் நான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்."

"நாடு ஆளுவதும் அப்படித்தான் போலிருக்கிறது."

"அது எனக்கு எப்படித் தெரியும், மகாராஜா? கையில் கோலோடு தங்கள் பின்னாலேயே வருகிறாரே பிரதானியார், அவரைத்தான் கேட்க வேண்டும்."

ராஜா திரும்பிப் பார்த்தார். பொற்பூண் போட்ட கோலை ஊன்றிக்கொண்டு முதல் மந்திரியான பிரதானி உலகநாதர் நின்றிருந்தார். ராஜாவின் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராணி போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. காவலர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிரதானியின் முகம் மட்டும் கறுத்தது.

அன்றே கொம்பையன் ஆஸ்தான விகடன் ஆனான். பட்டு உடுத்தினான். ராஜாவுக்குப் பக்கத்திலேயே ஆசனம். அவன் வாயைத் திறந்தால் சபை குலுங்கும். ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவன் கண் மட்டும் சாளரத்துக்கு வெளியே போகும். தூரத்தில் மலை ஒரு நீலக் கோடாகத் தெரியும். அதன் கீழே எங்கேயோ அவன் மனைவி சிலம்பாயி இருந்தாள்.

ஒருமுறை அவளைத் தலைநகருக்கு அழைத்து வரச்செய்தான். வந்தவள் சில நாள் இருந்து பார்த்தாள். பளிங்குத் தரையில் காலைக் குறுக்கிக்கொண்டே நடந்தாள். ஒருநாள் காலையில் மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"ஏன் புள்ள, இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. நீங்க காலையில சபைக்குப் போறீக, ராசா படுக்கப் போன பிறகுதான் வர்றீக. வந்ததும் அசந்து தூங்கிப் போறீக. இங்க இருந்து உங்களைத் தேடுறதுக்கு அங்க இருந்தே தேடுவேன். அங்க எனக்கு ஆடாவது இருக்கு." வாசல் வரை போய்த் திரும்பினாள். "ராசாவைச் சிரிக்க வச்சு முடிஞ்சதும் வாங்க."

அது எப்போது முடியும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதன் பிறகு கொம்பையன் விடுப்புக் கேட்காத மாதம் இல்லை. "அடுத்த மாதம் போகலாம்" என்பார் ராஜா. அடுத்த மாதம் கேட்டால் அவர் முகம் வாடிவிடும். "நீயும் போய்விட்டால் இந்த மாளிகையில் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்பார். மனைவியை இழந்த ஒருவர் அப்படிக் கேட்கும்போது, என் மனைவியிடம் போகிறேன் என்று சொல்லக் கொம்பையனுக்கு நாக்கு எழாது. ஏதாவது ஒரு வேடிக்கையைச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

இப்படி வருஷங்கள் போயின. ஒரு கோடையில் மலையடிவாரத்து ஜனங்கள் சபைக்கு வந்து முறையிட்டார்கள்.

"மகாராசா, எங்க பக்கம் ஒரு மிருகம் வந்திருக்குங்க. கிடைக்குள்ள புகுந்து ஆட்டைத் தூக்கிட்டுப் போகுது. ஒருத்தரும் கண்ணால கண்டதில்ல. ஆனா தடம் பாத்திருக்கோம். அதுக்கு ஏழு காலுங்க!"

"ஏழு காலா?" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாமி சத்தியமா ஏழு. மணல்ல எண்ணிப் பாத்துட்டோம். சிலர் அதுக்கு ரெண்டு தலைன்னும் சொல்றாங்க."

ராஜாவுக்குப் பழைய வேகம் திரும்பி வந்தது. அவருக்கு ஒரு மிருகசாலை உண்டு. ஏழு கால் மிருகம் உலகத்தில் எந்த ராஜாவிடமும் இல்லையே! உடனே தளவாய் கரியமாணிக்கம் படையோடு புறப்பட்டார். போனவர் ஊர் ஊராக விருந்து சாப்பிட்டுவிட்டு, தலைப்பாகையைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

"வேந்தே, அடியேன் அதை நேருக்கு நேர் கண்டேன். பனைமர உயரம். கண்கள் தீப்பந்தம். என் குதிரையை ஒரே தாவலில் தாண்டிற்று. அதன் பிடியிலிருந்து மயிரிழையில் தப்பி வந்தேன்."

கொம்பையன் எழுந்து வணங்கினான். "மகாராஜா, தளவாயாருக்குப் பரிசு தர வேண்டும். ஏழு காலால் துரத்திய மிருகத்தை இரண்டே காலால் தோற்கடித்திருக்கிறார்."

சபை அதிரச் சிரித்தது. தளவாயின் கை வாள்பிடிக்குப் போனது. பிரதானி அந்தக் கையைத் தட்டி அடக்கிவிட்டு முன்னே வந்தார்.

"பிரபு, அந்த மலை விகடரின் சொந்த மலை. அதன் ஒவ்வொரு பொந்தும் அவர் அறிந்தது. வீரத்தால் ஆகாததை அவரது புத்தி சாதிக்கட்டுமே. மிருகத்தோடுதான் திரும்ப வேண்டும் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

மிருகத்தின் நினைப்பிலேயே இருந்த ராஜா செங்கோலை உயர்த்தினார். "சரியான யோசனை! கொம்பையா, அந்த ஏழுகால் மிருகத்தை உயிரோடு பிடித்து வா. அது உன்னோடு வராமல் நீ தலைநகரின் எல்லையை மிதிக்கக் கூடாது. இது ராஜ கட்டளை."

கொம்பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பிரதானியும் தளவாயும் ஒருவரை ஒருவர் பார்த்து மகிழ்ந்தார்கள். தலை நிமிர்ந்தால் முகத்தில் உள்ள சந்தோஷம் தெரிந்துவிடுமே என்று அவன் குனிந்தபடியே வாசல் வரைக்கும் போனான். எல்லையைத் தாண்டியதும் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

சிலம்பாயி கிடைக்கு முள்வேலி அடைத்துக்கொண்டிருந்தாள். தலையில் இரண்டொரு நரை விழுந்திருந்தது. அவனைப் பார்த்ததும் கையிலிருந்த முள் கீழே விழுந்தது. ஆனால் எழுந்து வரவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"மிருகம் பிடிபடுற வரைக்கும். ராசா கட்டளை. அது பிடிபடாம நான் அங்க போகவே கூடாதாம்."

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப அதைப் பிடிச்சுறாதீக."

சொல்லிவிட்டு வேலியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் இரத்தம் காய்ந்து கிடந்தது. "நேத்து நம்ம சினை ஆட்டைக் கொண்டு போயிருச்சு. போன வாரம் பக்கத்துக் கிடையில ரெண்டு. ஊரு முழுக்க இதே அழுகைதான்." விழுந்த முள்ளை எடுத்து மறுபடி வேலியில் செருகினாள்.

மிருகத்தைப் பிடித்தால் இவளை விட்டுப் போக வேண்டும். பிடிக்காவிட்டால் ஊரின் ஆடெல்லாம் போய்விடும். வந்து சேர்ந்த சந்தோஷம் கொம்பையனுக்கு அன்று சாயங்காலம் வரைகூடத் தங்கவில்லை.

மறுநாள் கவணை எடுத்துக்கொண்டு தடம் தேடிப் போனான். ஓடை மணலில் ஜனங்கள் சொன்னது போலவே ஏழு காலின் தடம் இருந்தது. தடத்தைப் பிடித்தபடி மேலே மேலே ஏறினான். பொழுது சாய்கிற நேரம் ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு காத்திருந்தான்.

எதிர்ப்பாறையின் நிழலில் ஓர் ஓநாய் படுத்திருந்தது. கிழடில்லை, ஆனால் மெலிந்திருந்தது. முன்னங்கால் ஒன்று பாதியோடு சரி. தளவாய் முன்பு ஒரு வருஷம் மிருகசாலைக்கென்று மலையில் இரும்புப் பொறி வைத்துவிட்டுப் போனது கொம்பையனுக்கு நினைவு வந்தது. பொறியில் மாட்டிக் காலைக் கடித்து அறுத்துக்கொண்டு தப்பியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு பெண் ஓநாய் ஒன்று வந்தது. வாயில் ஒரு குட்டி ஆடு. அதைக் கொண்டுவந்து நொண்டியின் முன்னால் போட்டது. தான் வாய் வைக்கவில்லை. அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் படுத்து, அறுந்த காலை நக்கிக்கொடுத்தது. பிறகு இரண்டும் எழுந்து தோளோடு தோள் உரச ஓடைக்கு இறங்கின. மணலில் ஏழு காலின் தடம் விழுந்தது.

கவணில் கல் இருந்தது. குறி தப்பாத தூரம். மானையோ முயலையோ துரத்திப் பிடிக்க நொண்டியால் ஆகாது, அதை விட்டுப் போகப் பெண்ணுக்கு மனமில்லை, அதனால்தான் கிடைக்கு வருகின்றன என்று அவனுக்குப் புரிந்தது. தலைநகரில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வருஷங்கள் எல்லாம் அவன் நினைவுக்கு வந்தன. கல்லைக் கீழே போட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சிலம்பாயிக்குக் கோபம் வந்தது. "நம்ம ஆட்டைத் தின்ன கழுதைக மேல உங்களுக்கு எரக்கமா? ராசா வீட்டுச் சோறு தின்னு மனசு இளகிப் போச்சா?"

அவள் அடுப்பை ஊதினாள், களியைக் கிண்டினாள். அவன் தட்டில் வைக்கும்போது கேட்டாள்: "அந்தப் பொட்டை ஓநாய் அதை விட்டுட்டுப் போகலையா?"

"போகல."

"அத்தனை காலமா?"

"அத்தனை காலமா."

பிறகு அவளே வழி சொன்னாள். "ஊர்ல நோக்காடு வந்து சாகுற ஆட்டை எல்லாம் குழி வெட்டிப் பொதைக்கிறோம். அதைக் கொண்டுபோயி அந்த ஓடைப் பக்கம் போட்டுட்டா என்ன? வேலியையும் உசத்தி அடைப்போம். வேலி தாண்டி நாய்கிட்ட கடிபடுறதுக்கு, சும்மா கெடைக்கிறதை வேண்டாம்னா சொல்லும்?"

அப்படியே செய்தார்கள். மிருகம் கிடைப்பக்கம் வருவது நின்றது. ஊர் நிம்மதியாக உறங்கியது. மிருகம் பிடிபடவும் இல்லை. அதனால் கொம்பையன் போகவும் இல்லை. பகலில் மந்தையோடு நடந்தான். சாயங்காலம் சிலம்பாயி பால் கறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குட்டிகளைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் பேசாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் உண்டா என்று இருந்தது. ஆனாலும் ஏதாவது ஒரு வேடிக்கை வாயில் வந்தால், இதை ராஜா கேட்டால் எப்படிச் சிரிப்பார் என்று ஒரு கணம் நினைப்பான். உடனே மலைக்கு எதிர்ப்பக்கம், கோட்டை இருக்கும் திசையைப் பார்ப்பான்.

ஒருநாள் காலை பிரதானியும் தளவாயும் பல்லக்கில் வந்து இறங்கினார்கள். இருவர் முகத்திலும் ஈ ஆடவில்லை.

"கொம்பையரே, காப்பாற்ற வேண்டும்!" என்றார் பிரதானி. "தாங்கள் வந்த நாளிலிருந்து வேந்தர் சிரிப்பதில்லை. உண்பதும் குறைந்துவிட்டது. ராஜ கட்டளையைத் திரும்பப் பெறுவது குல மரபும் இல்லை. 'யோசனை சொன்ன நீங்களே போய் மிருகத்தைப் பிடியுங்கள். அதோடு கொம்பையனையும் கூட்டி வாருங்கள். இல்லாவிட்டால் பிரதானியும் தளவாயும் தலைநகரின் எல்லையை மிதிக்கக் கூடாது' என்று உத்தரவாகிவிட்டது."

ராஜா சாப்பிடுவதில்லை என்று கேட்டதும் கொம்பையனுக்கு மனம் சுருங்கியது. ஆனால் தளவாய் மீசையைத் தடவிக்கொண்டு சுற்றுமுற்றும் மிரண்டு பார்ப்பதைக் கண்டபோது பழைய குறும்பு எழுந்தது.

"அதற்கென்ன, பிடித்துவிடலாம். ஆனால் மிருகம் ஆளைக் கண்டால் வராது, ஆட்டைக் கண்டால்தான் வரும். தாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஆடாக இருந்தால் போதும்."

சிலம்பாயி இரண்டு ஆட்டுத்தோலைக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரத்தில் நாட்டின் பிரதானியும் தளவாயும் தோலைப் போர்த்திக்கொண்டு நாலு காலில் மந்தைக்குள் நகர்ந்தார்கள்.

"ஐயா, சும்மா வந்தா ஆடு மிரளுது. கொஞ்சம் கத்துங்க," என்றாள் சிலம்பாயி.

"மே..." என்றார் பிரதானி.

"தளவாய் ஐயா?"

"நான் படைத்தலைவன், அம்மா!"

பேசும் ஆட்டைக் கண்டு மந்தையின் பெரிய கிடாய்க்குப் பொறுக்கவில்லை. இரண்டடி பின்வாங்கி ஓடிவந்து தளவாயின் பின்புறத்தில் ஒரு முட்டு முட்டியது. "மே! மே! மே!" என்று அலறிக்கொண்டு தளவாய் பிரதானியின் மேல் ஏறி விழுந்தார். இருவரும் புழுக்கையில் உருண்டார்கள்.

அப்போது மேட்டின் மேலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அனுப்பிய ஆட்கள் வரும்வரை பொறுக்க மாட்டாமல், இரண்டே காவலர்களோடு ராஜா தானே புறப்பட்டு வந்திருந்தார். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கொம்பையன் ஓடிப்போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இளைத்துப் போனீர்களே, மகாராஜா."

"நீ கொழுத்துப் போயிருக்கிறாய், அடே!" என்று ராஜா அவன் தோளைப் பற்றினார். பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. "மிருகம் எங்கே? அதைப் பிடித்துக்கொண்டு வா, போகலாம்."

"முதலில் தாங்கள் அதைப் பார்க்க வேண்டும்."

பொழுது சாயும் நேரம் ராஜாவைப் பாறை இடுக்குக்கு அழைத்துப் போனான். இரண்டு ஓநாய்களும் ஓடைக்கு இறங்கின. நொண்டி தடுமாறியது. பெண் நின்று, அது வந்து சேரும்வரை காத்திருந்தது. ராஜா மூச்சு விடாமல் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான். தங்கள் கட்டளை ஏழு கால் மிருகத்துக்கு. இங்கே நாலு கால் ஓநாய் ஒன்று இருக்கிறது, மூன்று கால் ஓநாய் ஒன்று இருக்கிறது. மற்ற காலைத் தளவாயின் பொறி எடுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் பிடித்தால் அது ஏழு கால் இல்லை. இரண்டையும் பிடித்து ஆளுக்கொரு கூண்டில் வைத்தாலும் ஏழு கால் இல்லை. சேர்ந்து நடக்கும்போது மட்டும்தான் அது ஏழுகால் மிருகம். அதை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மகாராஜா."

ஓநாய்கள் போன பிறகும் ராஜா ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணிக்குக் காய்ச்சல் வந்தபோது நான் எல்லைப்புறத்துக்குப் போயிருந்தேன்," என்றார். "ஒருநாள் முந்தி வந்திருக்கலாம்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "எத்தனை மாதம் என்னிடம் விடுப்புக் கேட்டாய்! நான் கொடுக்கவே இல்லையே, கொம்பையா."

"தாங்கள் தனியாக இருந்தீர்கள், மகாராஜா."

கீழே இறங்கி வந்ததும் ராஜா எல்லார் முன்னாலும் சொன்னார்: "ராஜ கட்டளை மாறாது. ஏழுகால் மிருகம் பிடிபடும்வரை கொம்பையன் தலைநகரை மிதிக்கக் கூடாது, இங்கேயே இருக்க வேண்டும். அதை யாரும் வேட்டையாடவும் கூடாது, பொறி வைக்கவும் கூடாது. இந்த மலையும் மேய்ச்சல் காடும் இனி கொம்பையன் ஊருக்கே சொந்தம்."

சிலம்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரதானி நடுங்கிப்போனார். "பிரபு, அப்படியானால் எங்கள் கதி? மிருகம் இல்லாமல் நாங்களும் எல்லையை மிதிக்கக் கூடாதே!"

ராஜா விழித்தார். கட்டளை கட்டளைதானே. கொம்பையன் குனிந்து, கீழே கிடந்த ஆட்டுத்தோலை எடுத்துப் புழுதியைத் தட்டினான்.

"தடை பிரதானியாருக்கும் தளவாயாருக்கும்தான், மகாராஜா. ஆடுகளுக்கு யாரும் தடை போடவில்லை. இப்படியே தோலைப் போர்த்திக்கொண்டு நாலு காலில் எல்லையைத் தாண்டட்டும். வாசல் காவலன் கேட்டால், மகாராஜா ஆடு வாங்கி வருகிறார் என்று சொல்லிவிடலாம்."

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. காவலர்களும் சிரித்தார்கள், ஊரும் சிரித்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் பிரதானியும் சிரித்தார். தளவாய் மட்டும் கிடாய் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சிலம்பாயியின் கையில் கொடுத்தார். "நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு இது ஈடாகாது, அம்மா," என்றார். குதிரையில் ஏறி, ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டு பல்லக்கும் காலியாகப் பின்னே போயின. அவற்றில் ஏற இருவரும் மறுத்துவிட்டார்கள், கிடாயிடம் முட்டு வாங்கியவருக்கு உட்கார முடியவில்லை, மற்றவர் துணைக்கு நடந்தார்.

குதிரை வளைவில் மறையும்வரை கொம்பையன் மேட்டின் மேல் நின்றான். சிலம்பாயி வந்து பக்கத்தில் நின்றாள்.

"கூடப் போகணும்னு தோணுதா?"

"இல்ல புள்ள. மனுசன் தனியாப் போறாரேன்னு பாத்தேன்."

அவளும் கொஞ்ச நேரம் அந்த வளைவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மழை விட்டதும் புல்லு நல்லா எந்திரிச்சிருக்கும். அப்ப வந்து பத்து நாளு இங்க இருக்கச் சொல்லி ஆளனுப்புங்க. நானும் அவரைச் சிரிக்க வச்சுப் பாக்கிறேன்."

அந்த மழைக்காலம் முடிந்ததும் ராஜா வந்தார். அடுத்த வருஷமும் வந்தார். வயதாகி, குதிரை ஏற முடியாமல் போகும்வரை ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அவர் வந்திருக்கும் நாட்களில் அந்த மலையடிவாரத்தில் கேட்ட சிரிப்பு அடுத்த ஊர் வரைக்கும் கேட்குமாம்.